ஆட்டோகிளேவ் சேம்பர்: துடைக்க வேண்டியது, தொடக்கூடாதது

ஆய்வுக்கு யாரோ வருகிறார்கள் என்றால் மருத்துவமனையின் ஸ்டெரிலைசேஷன் பிரிவான சி.எஸ்.எஸ்.டி.யில் முதலில் பளபளப்பாவது ஆட்டோகிளேவின் கதவு. அடுத்து வெளிப்பேனல், கைப்பிடி. நேரம் மிச்சமிருந்தால் சேம்பரின் உள்சுவர். சேம்பரின் தரையில் இருக்கும் டிரெய்ன் துளையும், அதில் செருகியிருக்கும் சிறிய சல்லடையும் யார் கண்ணிலும் படுவதில்லை. பராமரிப்பு என்று பார்த்தால் இந்த வரிசையே தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் டிரெய்ன் துளை, பிறகு கேஸ்கெட், பிறகு சுவர். கதவின் பளபளப்பு கடைசியில் வந்தால் போதும்.

சேம்பருக்குள் கிருமியைக் கொல்வது அழுத்தம் அல்ல, ஈரமான நீராவியின் சூடு. அந்த நீராவி துணியின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போக வேண்டுமானால் அங்கே ஏற்கெனவே இருக்கும் காற்று வெளியேறியாக வேண்டும். வீட்டில் குக்கரில் ஆவி நன்றாகப் பீறிட்ட பிறகுதான் வெயிட் போடுகிறோமே, அதே காரணம்தான். நீராவியைவிடக் காற்று கனமானது, அடியில் தங்கும், அடியில் இருக்கும் துளை வழியாகத்தான் போகும். துளை அடைத்துக்கொண்டால் காற்றும் நீராவியும் கலந்து நிற்கும். பிரஷர் மீட்டர் வழக்கம்போல 15 பவுண்டு காட்டும். ஆனால் காற்று முழுவதும் வெளியேறியிருந்தால் 121 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய இடத்தில், பாதிக் காற்று மட்டுமே வெளியேறியிருந்தால் 112 டிகிரிதான் இருக்கும். மீட்டர் முள்ளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை 1972இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரம் பார்த்தது. அங்கே டெவன்போர்ட் மருத்துவமனைப் பிரிவில் டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் ஏற்றப்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். பாட்டில்களுக்குள் கிருமி வளர்ந்திருந்தது. அவை முந்தைய ஆண்டு ஏப்ரலில் ஒரு மருந்து ஆலையின் ஆட்டோகிளேவிலிருந்து வந்தவை. அந்த சைக்கிளின்போது சேம்பரின் அடியில் காற்று தங்கிவிட்டது. கீழ்த்தட்டில் இருந்த பாட்டில்களுக்குப் போதிய சூடு ஏறவில்லை. வெப்பநிலைப் பதிவுக் கருவி அதைக் காட்டவும் செய்தது. கருவிதான் பழுது என்று முடிவு செய்து, வேறு மீட்டரை நம்பி, லோடை வெளியே அனுப்பிவிட்டார்கள். கிளாத்தியர் குழுவின் விசாரணை அறிக்கை அதே 1972இல் வெளியானது. சி.எஸ்.எஸ்.டி.யில் புதிதாகச் சேர்பவர்களுக்கு மெஷினின் பட்டன்களைச் சொல்லிக்கொடுக்கும் முன் இந்தக் கதையைச் சொல்லிவிடுவது நல்லது.

செய்ய வேண்டியவை

• நாளின் முதல் சைக்கிளுக்கு முன்பு, சேம்பர் ஆறியிருக்கும்போது சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். தினமும். சேம்பரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் ஸ்டீம் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் கதவை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் சுவர் ஆறாது. இரவு ஷிப்டில் கடைசி லோடு இறங்கியதும் ஜாக்கெட் ஸ்டீமை மூடச் சொல்லிவைக்க வேண்டும். இரவும் பகலும் ஓடும் மருத்துவமனை என்றால் இரண்டு மெஷின்களுக்கு மாற்றி மாற்றி ஓய்வு கொடுக்கலாம்.

சல்லடையைக் கழற்றும்போது கையுறை கட்டாயம். உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது: காஸ் துணி இழை, நூல் பிசிறு, இண்டிகேட்டர் டேப் துண்டு, ஊறி மாவாகிப்போன லேபிள் காகிதம், சில நாள் ஒரு தையல் ஊசி. குப்பையைத் தட்டிக் கொட்டிவிட்டு, நீராவி போகும் திசைக்கு எதிர்த்திசையில் தண்ணீரைப் பீய்ச்சி, மெல்லிய நைலான் பிரஷால் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணும் திறந்திருக்க வேண்டும். பாதிக் கண்கள் அடைந்திருந்தாலும் தண்ணீர் வடிந்துவிடும் என்பதால், 'வடிகிறதே' என்று திருப்பிச் செருகிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தண்ணீர் வடிவதும் சில நிமிடங்களுக்குள் சேம்பர் நிறையக் காற்று வெளியேறுவதும் ஒன்றல்ல.

• சல்லடையில் கிடைத்தது என்ன என்று லாக் புக்கில் எழுதுங்கள். 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடிப்பதால் யாருக்கும் ஒரு தகவலும் கிடைக்காது. டேப் துண்டுகளாக வருகிறதென்றால், பேக் சுற்றிய துணியில் பழைய டேப்பை உரிக்காமலே மறுபடி மடிக்கிறார்கள். பஞ்சும் இழையுமாக வருகிறதென்றால் காஸ் தானை வெட்டும் மேஜை ஆட்டோகிளேவ் பக்கத்திலேயே கிடக்கிறதா, புதுத் துணியைத் துவைக்காமலே பேக் செய்கிறார்களா என்று பாருங்கள். புதுத் துணியின் கஞ்சி முதல் சில சைக்கிள்களில் சேம்பர் சுவரிலும் படியும். துருப்பொடியாக வந்தால் ஸ்டீம் லைனைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு மாதத்துப் பதிவைப் புரட்டினால் எந்தத் தவறு எங்கே நடக்கிறது என்பது தெரிந்துவிடும். தனியாகத் தணிக்கை நடத்த வேண்டாம்.

• கேஸ்கெட்டைத் தினமும், பிசிறு விடாத ஈரத்துணியால், முழு வட்டமும் துடையுங்கள். துடைக்கும் விரலே பரிசோதனைக் கருவி. வெடிப்பு, தட்டையாகிப்போன பகுதி, ஒட்டிக்கொண்டிருக்கும் நூல், இவை கண்ணைவிட விரலுக்கு முன்னால் தெரியும். கதவில் கேஸ்கெட் உட்காரும் இடத்தையும் சேர்த்துத் துடைக்க வேண்டும். ஒற்றை நூல் குறுக்கே கிடந்தாலும் வேக்குவம் போகும்.

• காற்றை பம்ப் உறிஞ்சி வெளியேற்றும் ப்ரீவேக்குவம் மெஷின் என்றால் தினமும் லோடு ஏற்றும் முன் போவி-டிக் டெஸ்ட் போடுங்கள். போவி, டிக் என்ற இருவரின் பெயரில் 1963இல் வெளியான முறை. இன்றும் அது வழக்கத்தில் இருக்கிறது. மெஷின் சூடேற ஒரு சைக்கிள் ஓட்டிவிட்டு, காலிச் சேம்பரில், கீழ்த்தட்டில், டிரெய்ன் துளைக்கு மேலே டெஸ்ட் பேக்கை வைத்து 134 டிகிரியில் மூன்றரை நிமிடம். தாள் முழுவதும் ஒரே நிறமாக மாறியிருக்க வேண்டும். நடுவில் வெளிறிய திட்டு தெரிந்தால் அங்கே காற்று தங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது முதலில் சல்லடை, அடுத்து கேஸ்கெட், அடுத்து லீக் டெஸ்ட். பாஸ் ஆகும்வரை புதுப்புதுப் பேக்காகப் போட்டுக்கொண்டே இருப்பதைப் போன்ற ஆபத்தான சிக்கனம் வேறில்லை. வேக்குவம் இல்லாத, கிராவிட்டி முறையில் இயங்கும் மெஷினுக்கு இந்த டெஸ்ட் பொருந்தாது.

• லீக் டெஸ்ட் வாரம் ஒரு தடவை. 10 நிமிடம் வேக்குவத்தில் நிறுத்திப் பார்க்கும்போது நிமிடத்துக்கு 1.3 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் ஏறக்கூடாது. சேம்பர் காய்ந்திருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். சுவரைக் கழுவிய கையோடு லீக் டெஸ்ட் போட்டால், மிச்ச ஈரம் ஆவியாகி அழுத்தத்தை ஏற்றும். இல்லாத லீக்கைத் தேடி இன்ஜினியர் அரை நாள் அலைவார்.

• சுவரைக் கழுவுவதும் வாரம் ஒரு தடவை, அல்லது கறை தெரிந்தவுடன். தட்டுகளையும், தண்டவாளம்போல் இருக்கும் ரெயில்களையும் வெளியே எடுத்துவிடுங்கள். அழுக்கு அவற்றின் அடியில்தான் ஒளிந்திருக்கும். மெஷின் கம்பெனி சொல்லும் சேம்பர் கிளீனரையோ குளோரின் கலக்காத மென்மையான டிடர்ஜென்டையோ துணியில் நனைத்து, மேலிருந்து கீழாக, பின்சுவரிலிருந்து கதவு நோக்கித் துடையுங்கள். ஸ்டீலில் மெல்லிய கோடுகளாக ஒரு பாலிஷ் ஓட்டம் தெரியும். அந்தக் கோட்டின் போக்கிலேயே கை போக வேண்டும், வட்டமாகத் தேய்க்கக்கூடாது. கைக்கு எட்டாத ஆழத்துக்கு நீளக் கைப்பிடி வைத்த மாப்.

இதில் பாதி வேலை கழுவுவது, மீதிப் பாதி அலசுவது. ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து, கடைசித் துணியில் நுரையோ வழுக்கலோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டிடர்ஜென்ட் மிச்சமிருந்தால் அடுத்த சைக்கிளில் அது நீராவியோடு கிளம்பி ஆபரேஷன் தியேட்டர் (ஓ.டி.) செட்டுகள்மேல் கறையாகப் படியும். அப்புறம் ஒரு காலி சைக்கிள் ஓட்டிவிட்டுத்தான் லோடு.

• கழுவும் முன் கறையைப் படித்துக்கொள்ளுங்கள். துடைத்த பிறகு தடயம் இருக்காது. ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

வெள்ளைப் பொடி அல்லது ஏடு: தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்பு. நீலமும் பொன்னுமாக எண்ணெய்ப் படலம்போலத் தெரிந்தால் தண்ணீரில் சிலிகா அதிகமாக இருக்கக்கூடும். பழுப்புப் புள்ளி என்றால் பதறும் முன் ஒரு பென்சில் ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டு அடியில் ஸ்டீல் வழவழப்பாக இருந்தால் அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய கறை; பழைய இரும்புக் குழாயோ, துருப்பிடித்த ஒரு கத்தரிக்கோலோ தந்திருக்கும். தேய்த்த இடத்தில் ஊசிமுனைக் குழி தெரிந்தால் அது சேம்பரின் சொந்தத் துரு. அன்றே பயோமெடிக்கல் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். அழுத்தம் தாங்க வேண்டிய சுவர் அது.

• தண்ணீரைக் கவனியுங்கள். சேம்பரில் தெரியும் நோய்களில் பெரும்பாலானவை பாய்லருக்குப் போகும் தண்ணீரில் தொடங்கியவை. போர் தண்ணீரில் உப்பு ஏறிக் கிடக்கும் சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது இரட்டிப்பு உண்மை. சாஃப்ட்னர் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கும். குளோரைடு அப்படியே தங்கிவிடும். அதைவிட மோசம், சாஃப்ட்னரை உப்புக் கரைசலால் ரீஜெனரேட் செய்தபின் சரியாக அலசாமல் லைனைத் திறந்துவிடுவது. அந்த உப்பு முழுவதும் பாய்லருக்குப் போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் குளோரைடைப்போல எதிரி இல்லை. ஐரோப்பாவின் இ.என். 285 தரம் ஸ்டீமுக்கான ஊட்டுத் தண்ணீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோ சீமென்ஸைத் தாண்டக்கூடாது என்கிறது. ஆர்.ஓ. பிளான்ட்டின் மீட்டரை வாரம் ஒரு முறை யாராவது நேரில் பார்த்து எழுதிவர வேண்டும். எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால் மெம்பிரேனுக்கு வயதாகிவிட்டது.

• பெரிய ரிப்பேர் முடிந்தபின் தொடர்ச்சியாக மூன்று ஸ்போர் டெஸ்ட், ப்ரீவேக்குவம் என்றால் மூன்று போவி-டிக் டெஸ்ட்டும். ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் ஸ்போர் செத்திருக்கிறதா என்ற முடிவு வரும்வரை அந்த மெஷினில் ஓ.டி. லோடு வேண்டாம்.

செய்யக்கூடாதவை

• ஸ்டீல் நார், கம்பி பிரஷ், பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் சேம்பருக்குள் போகக்கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன்மேல் தானாகவே உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. கீறினால் அது உடையும். கூடவே நாரிலிருந்து உதிரும் இரும்புத் துகள் கீறலுக்குள் பதிந்து, தானும் துருப்பிடித்து, அந்த இடத்தையும் துருவாக்கும். அன்றைக்கு மட்டும் சேம்பர் பளிச்சென்று இருக்கும்.

• பிளீச்சிங் கரைசல், ஹைப்போகுளோரைட், கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்: மூன்றுமே கூடாது. சுண்ணாம்பு ஏடு கட்டிவிட்டது என்று ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பவர்கள் உண்டு. ஏடு போகும், சுவரும் போகும். ஏட்டைக் கரைக்க சிட்ரிக் ஆசிட் வகையில் மெஷின் கம்பெனி எதைச் சொல்கிறதோ அதை, சொன்ன அளவில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள். சேம்பருக்கு டிஸ்இன்ஃபெக்டன்ட் எதற்கு என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். 134 டிகிரி நீராவி செய்யாத எதை அது செய்யப்போகிறது? சேம்பரைச் சுத்தம் செய்வது அழுக்கை எடுக்க. கிருமியைக் கொல்ல அல்ல.

• சலைனில் நனைந்த கருவிகளை அப்படியே ஏற்றாதீர்கள். ஓ.டி.யில் ரத்தத்தைத் துடைக்க நார்மல் சலைன் கிண்ணம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். கருவிகளை அதிலேயே போட்டுவைப்பது பலருக்குப் பழக்கம். 0.9 சதவீத உப்புதானே என்று தோன்றும். சூட்டில் தண்ணீர் போக, உப்பு கருவியிலும் தட்டிலும் சேம்பர் தரையிலும் தங்கும். ஹைப்போகுளோரைட்டில் ஊறவைத்தவையும் அப்படித்தான். சாதாரணத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஆர்.ஓ. தண்ணீரில் அலசியபிறகே பேக் செய்ய வேண்டும். இதை ஓ.டி. சிஸ்டர்களிடம் சி.எஸ்.எஸ்.டி.தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும், அதுவும் பல தடவை.

• சல்லடை இல்லாமல் ஒரு சைக்கிள்கூட ஓட்டாதீர்கள். 'இன்றைக்கு மட்டும்' என்று எடுத்து வைத்த சல்லடை மேஜை டிராயரிலேயே தங்கிவிடும். குப்பை டிரெய்ன் குழாய்க்குள் இறங்கி ஸ்டீம் டிராப்பிலோ வேக்குவம் பம்பிலோ சிக்கினால் செலவு எங்கேயோ போய் நிற்கும். கிழிந்தால் மாற்ற ஒரு ஸ்பேர் சல்லடை எப்போதும் அலமாரியில் இருக்கட்டும்.

• வாசலின் காஸ், எண்ணெய், பவுடர் இவற்றை ஸ்டீமில் போடவே கூடாது. நீராவி எண்ணெய்க்குள் நுழையாது, ஸ்டெரிலைஸ் ஆகாது. இவற்றுக்கு 160 டிகிரி உலர் வெப்பத்தில் 2 மணி நேரம் என்று தனி வழி இருக்கிறது. உருகிய வாசலின் சேம்பர் தரையில் வழிந்து சல்லடையில் பிசுக்காகப் படிந்தால், பிறகு அதில் ஒட்டாத நூலே இருக்காது.

• கேஸ்கெட்டுக்கு கிரீஸ், வாசலின், பவுடர் என்று சொந்த வைத்தியம் வேண்டாம். மேனுவலில் குறிப்பிட்ட லூப்ரிகன்ட் இருந்தால் மட்டும் அது.

• பேக்குகள் சேம்பர் சுவரைத் தொடும்படி அடுக்காதீர்கள். சுவரில் வடியும் தண்ணீரை அவை உறிஞ்சும், நனைந்தே வெளியே வரும். டிரெய்ன் துளையின்மேல் தட்டை வைத்து மூடுவதும் கூடாது.

• பெரிய சேம்பருக்குள் தலையையும் தோளையும் நுழைத்துத் துடைக்காதீர்கள். ஸ்டீம் வால்வை மூடி, மின்சாரத்தைத் துண்டித்து, 'வேலை நடக்கிறது' என்று பேனலில் அட்டை தொங்கவிடாமல் உள்ளே கைகூட விடாதீர்கள். சேஃப்டி வால்வு ஒழுகுகிறது என்று கம்பி கட்டி நிறுத்துவது, கதவு இன்டர்லாக்கை ஏமாற்றித் திறப்பது, இவற்றைச் செய்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அந்த மெஷின் பக்கம் விடக்கூடாது.

• இங்கே சொன்னவற்றைப் பிளாஸ்மா ஸ்டெரிலைசருக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா சேம்பரில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே சைக்கிள் கேன்சல் ஆகிவிடும். எத்திலீன் ஆக்சைடு மெஷினின் பாதுகாப்பு விதிகள் முற்றிலும் வேறு. அது புற்றுநோய் உண்டாக்கும் வாயு, பயிற்சி இல்லாதவர் கதவைக்கூடத் திறக்கக்கூடாது.

• பிரின்ட் அவுட்டும் மீட்டரும் வேறு வேறு கதை சொன்னால், உங்களுக்கு வசதியான கதையை நம்பாதீர்கள். எது சரி என்று தெரியும்வரை லோடு உள்ளேயே இருக்கட்டும்.

சிறிய மெஷின்களுக்கு

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சிறிய நர்சிங் ஹோம்களிலும் சி.எஸ்.எஸ்.டி. என்று தனியாக ஒன்றும் இருக்காது. ஒரு மூலையில் நிற்கும் வெர்ட்டிகல் ஆட்டோகிளேவ், அதற்குப் பொறுப்பாக ஒரு சிஸ்டர், அவ்வளவுதான். இதில் சேம்பரின் அடியிலேயே தண்ணீரும் ஹீட்டர் காயிலும் இருக்கும். வேலை முடிந்ததும் கரன்ட்டை நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீரை முழுவதும் வடித்து, துடைத்து, மூடியைச் சற்றே திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். நேற்றைய தண்ணீரில் இன்று தண்ணீர் சேர்த்து ஊற்றிக்கொண்டே போனால் உப்பு தடித்துக்கொண்டே போகும். காயிலில் ஏடு கட்டிச் சூடு ஏறுவது தாமதமாகும், கடைசியில் காயில் கருகும். காயில் முழுகும் அளவு தண்ணீர் இல்லாமல் ஸ்விட்ச் போட்டால் அன்றைக்கே கருகும். காய்ச்சி வடித்த தண்ணீர் கிடைத்தால் மிக நல்லது. அது முடியாத இடத்தில் குடிக்கத் தரும் ஆர்.ஓ. தண்ணீரையாவது ஊற்றலாம், போர் தண்ணீர் வேண்டாம்.

மூடியின் நட்டுகளை ஒரே பக்கமாக வரிசையாக முறுக்காதீர்கள். எதிரெதிராக இரண்டிரண்டாக இறுக்கினால்தான் கேஸ்கெட் சமமாக அமரும். ஸ்டீம் வெளியேற்றும் காக்கைத் திறந்து வைத்து, தடையில்லாமல் ஆவி பீறிட்ட பிறகு மூடி, அப்புறம் நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். காக்கின் துளையையும் வாரம் ஒரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும்; இந்த மெஷினில் காற்று போகும் வழி அது ஒன்றுதான். பல் மருத்துவமனைகளில் இருக்கும் டேபிள்டாப் மெஷினுக்கு, வாரம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து துடைத்துவிட்டுப் புதிதாக காய்ச்சி வடித்த தண்ணீர் நிரப்பினால் பாதிப் பிரச்சினைகள் வராது.

பராமரிப்பு ஒப்பந்த (ஏ.எம்.சி.) இன்ஜினியர் வரும்போது

சல்லடை, கேஸ்கெட், சுவர் இவை உங்கள் வேலை. ஸ்டீம் டிராப், செக் வால்வு, வேக்குவம் பம்ப், சென்சார் கேலிபரேஷன், சேஃப்டி வால்வு இவை அவருடைய வேலை. ரிப்போர்ட்டில் 'ஜெனரல் சர்வீஸ் டன்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தப் பாகத்தைத் திறந்தார், எதை மாற்றினார், டிரெய்ன் பக்கத்து வெப்பநிலை சென்சார் கேலிபரேஷனில் எவ்வளவு விலகியிருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். சேம்பர் மூலைகளையும் வெல்டிங் ஓரங்களையும் டார்ச் அடித்துப் பார்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெடிப்பு முதலில் அங்கேதான் தொடங்கும். அவர் வரும் தேதியை ஓ.டி. பட்டியல் போடுமுன்பே தெரிவித்துவிட்டால் மெஷின் ஆற ஒரு இரவு கிடைக்கும். சூடான சேம்பரைத் திறந்து பார்த்து ரிப்போர்ட் எழுதியவர் உள்ளே எதையும் தொட்டிருக்க முடியாது.